சுவரை உதைத்துப் பார்க்க வேண்டிய இருக்கை

சென்ற மாதம் என் மனைவியின் தம்பி கதிரவன் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் இரண்டு கார் இருக்கைகள். சாம்பல் நிறத் துணி, கிழிசல் இல்லை, கறை இல்லை. யாரோ துடைத்து வெயிலில் நிறுத்திப் படம் பிடித்திருந்தார்கள்.

"பாண்டியில ஒருத்தர்கிட்ட இருக்குது மாமா. நம்ம வண்டி மாடலேதான். போட்டோவப் பாத்துச் சொல்லுங்க, நாளைக்கே போயித் தூக்கியாந்துடறேன்."

"எங்க நின்ன வண்டி?"

"நின்ன வண்டியா? ஓடுன வண்டி மாமா."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவயிற்றில் ஒரு கம்பி மெல்ல இழுபட்டது. ஏழு வருடமாக எனக்குள் இருக்கிற கம்பி அது. பழைய இருக்கை எதைப் பார்த்தாலும் இழுபடும். ஓடுகிற பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, கால் தானாக முன்னால் இருக்கிற தகட்டை அழுத்திப் பார்க்கும். வீட்டில் சொன்னால் கிறுக்கு என்பார்கள். அவன் கேட்டதால் எழுதுகிறேன். எழுதிவிட்டால் கம்பி கொஞ்சம் தளரும் என்று ஒரு நப்பாசையும் இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சவரிமுத்து அண்ணனின் குஷன் கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தபோது ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவுதான். முதலில் சைக்கிள் சீட்டு, பிறகு பைக், பிறகு பஸ், கடைசியில் கார். ரெக்சின் வெட்டினேன், ஸ்பாஞ்ச் வெட்டினேன், விரலையும் இரண்டு தடவை வெட்டிக்கொண்டேன். கற்றுக்கொண்ட காலம் என்று சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த வருடத் தொடக்கத்தில், நெஞ்சில் ஸ்பாஞ்ச் தூசி சேர்ந்துவிட்டது, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவன் ஆனேன். நெஞ்சு இப்போது பரவாயில்லை. கை மட்டும் இன்னும் எதையாவது அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் கடையின் பாதி வேலை தைப்பது. மீதிப் பாதி, பழைய இருக்கை தேடுவது. ஒரு காரின் இருக்கை அடியோடு உடைந்துபோனால் புதிது வாங்க எல்லாராலும் முடியாது. முடிந்தாலும் கம்பெனியிலிருந்து வர மாதக்கணக்கு ஆகும். அப்போது காயலான் கடைகளில் பிரித்துப் போட்ட வண்டிகளிலிருந்து பொருந்துகிற இருக்கையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொருந்துகிற என்ற சொல்லைத்தான் எல்லாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரே பெயர், ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஆனால் இரண்டு வருடம் முந்திய வண்டிக்கும் பிந்திய வண்டிக்கும் தரை வேறாக இருக்கும். போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே ஒரு விரல்கடை இடைவெளி கூடியிருக்கும். அந்த ஒரு விரல்கடைக்காகத் தரையில் புது ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. சவரி அண்ணன் போட மாட்டார். "ஓட்டைக்குத் தக்க சீட்டுடா நெட்ட. சீட்டுக்குத் தக்க ஓட்டை இல்ல" என்பார். நெட்ட என்பது நான். ஆறடிக்கு ஒரு அங்குலம் கூடுதல். இந்த உயரம் பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் காரின் தரையில் ஒரு கெட்டி அட்டையை விரித்து நான்கு ஓட்டைகளையும் பென்சிலால் குத்தி எடுப்பார். அந்த அட்டைதான் எங்கள் ஜாதகம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காயலான் கடை காயலான் கடையாக நடப்போம். இருக்கை வாங்கினால் ஜோடியாகத்தான் வாங்குவார். ஓட்டுநர் இருக்கை மட்டும் போதும் என்றாலும் இடது பக்கத்தையும் சேர்த்து, அதுவும் ஒரே வண்டியிலிருந்து. ஒன்று மறைப்பதை இன்னொன்று சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு விற்பவரிடம் கேட்பார். எவ்வளவு ஓடியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "வண்டி எங்க நின்னுச்சு?" இதுதான் கேள்வி. மரத்தடியா, ஷெட்டா, தெருவா, வயல் வரப்பா. பதில் வரும்போது அவர் ஆளைப் பார்க்காமல் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு முதுகுக்கும் அடிக்கும் நடுவே உள்ள இடுக்கில் கையை முழங்கை வரை விடுவார். வேர்க்கடலைத் தோல், ஹேர்பின், பஸ் டிக்கெட், யாரோ தேடித்தேடி ஓய்ந்த ஒற்றைக் கம்மல். எல்லாவற்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். கடைசியாக மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டில் பிள்ளையை மோப்பதுபோல.

இவை எல்லாம் முடிந்து இருக்கை கடைக்கு வந்த பிறகுதான் சுவர்.

கடையின் உள்ளே கிழக்குச் சுவருக்கு எதிரே தரையில் ஒரு மரச்சட்டம் பதித்திருந்தோம். இருக்கையை அதன் சேனலோடு அந்தச் சட்டத்தில் முடுக்குவோம். சேனல் என்பது இருக்கை முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தடம். அதில் வரிசையாகப் பற்கள் வெட்டியிருக்கும். நெம்பியைத் தூக்கி நகர்த்தி விட்டால் கொக்கி ஏதோ ஒரு பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் விழ வேண்டும். டக், டக். வண்டியை ஓட்டப் போகிறவர் அதில் உட்கார்ந்து, தன் காலுக்கு ஏற்ற இடத்துக்கு நகர்த்திக்கொண்டு, இரண்டு காலையும் சுவரில் ஊன்றி முழு பலத்தோடு உதைக்க வேண்டும். கொக்கி நழுவினால் இருக்கை பின்னால் ஓடிவிடும். நழுவாவிட்டால் வாங்கலாம். அவசரமாக பிரேக் மிதிக்கும்போது மனிதன் செய்வதும் அதுதானே, காலால் முன்னே உதைத்து முதுகால் பின்னே தள்ளுவது.

கடையில் ஓதம் ஏறாத சுவர் அது ஒன்றுதான். அதனால் சாமி படங்களும் அதில்தான் இருந்தன. வேளாங்கண்ணி மாதா, முருகன், ஒரு மக்கா படம், வரிசையாக. படங்களுக்குக் கீழே சுவர் முழுக்கச் செருப்புத் தடம். டிரைவர்கள் உதைத்து முடித்ததும் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். யாருக்கும் அது குறையாகப் பட்டதில்லை. ஓட்டியவர்கள் அநேகமாக எல்லாம் ஆண்கள். அதுவும் ஒரு காரணம் என்று அப்போது தோன்றவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், ஆடி மாதம். விமலா டீச்சரும் அவர் கணவர் பாஸ்கரும் வந்தார்கள். வீடு சிதம்பரம் மேலவீதிப் பக்கம். டீச்சர் வேலை பார்த்தது கீரப்பாளையத்துப் பள்ளியில். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வர முடியாமல் ஒரு சின்ன பழைய கார் வாங்கி, இரண்டு மாதம் ஓட்டப் பழகியிருந்தார். குள்ளமானவர். ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டதுபோல இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவார். அந்த இருக்கையின் அடிச்சட்டம் மூன்று இடத்தில் வெல்டிங் வைத்து மூன்று இடத்திலும் விட்டிருந்தது. நாலாவது வெல்டிங் வைக்க சவரி அண்ணன் மறுத்துவிட்டார். "வேற சீட்டு தேடுவோம்மா. கொஞ்சம் பொறுங்க."

மூன்று வாரம் தேடினேன். அட்டை பொருந்தவில்லை. பண்ருட்டியில் ஒரு ஓட்டை தள்ளியிருந்தது, விழுப்புரத்தில் இரண்டு. புதன்கிழமை தோறும் டீச்சர் போன் பண்ணுவார். "கெடச்சுதா அண்ணே? இவரு தெனம் சொல்றாரு, வண்டிய வித்துட்டுப் பழையபடி பஸ்ல போன்னு." அந்தக் குரல் எனக்குள் ஈபோல் சுற்றிக்கொண்டே இருந்தது. கிடைக்க வேண்டும், கிடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடப்பவன் கண் எதையும் சரியாகப் பார்க்காது. அது எனக்கு இப்போது தெரிகிறது.

முதுநகரில் ஒரு பாயின் காயலான் கடையில் கிடைத்தது. அட்டையைப் போட்டேன். நான்கு ஓட்டையும் நான்கு கண்போல் அட்டைக்குள் திறந்தன. உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"எங்க நின்ன வண்டி பாய்?"

"ஒரு டாக்டர் வூட்டு வண்டிங்க. ஷெட்ட வுட்டு ஜாஸ்தி வெளியவே எடுத்ததில்ல."

ஷெட்டில் நின்ற வண்டி. அந்தச் சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. ஷெட் எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. பாய் பொய் சொல்லவில்லை, நான்தான் பாதிக் கேள்வியோடு நின்றுவிட்டேன். இடுக்கில் கையை விட்டேன். மணல் வந்தது. கடலூர்க்காரன் காரில் மணல் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம், ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகாத குடும்பம் உண்டா என்று தட்டிவிட்டேன். மோந்து பார்த்தேன். புதிதாக ரெக்சின் ஒட்டியிருந்ததால் பசை வாசனைதான் வந்தது. ஜோடியாகவே வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை டீச்சருக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீஸ் வேலை இருந்தது. போகிற வழியில் மாட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சவரி அண்ணன் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆடி வெள்ளி. அன்று காலை நானேதான் மூன்று படங்களுக்கும் மல்லிகைச் சரம் சாத்தி, கற்பூரம் காட்டியிருந்தேன். சுவர் மணத்துக்கொண்டிருந்தது.

இருக்கையைச் சட்டத்தில் முடுக்கி, டீச்சரை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். மஞ்சள் பூசிய கால். கொலுசு.

"இப்ப ரெண்டு காலையும் சுவத்துல வச்சு நல்லா ஒதைங்க டீச்சர்."

அவர் நிமிர்ந்து படங்களைப் பார்த்தார். காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஐயையோ, சாமிக்கு நேரா கால நீட்டச் சொல்றீங்களே. வெள்ளிக்கெழம வேற. பூவெல்லாம் போட்டிருக்கு."

"எல்லாரும் ஒதைக்கறதுதான் டீச்சர்."

"எனக்கு வேணாம் அண்ணே. மனசு ஒப்பாது."

பாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அவரே பாத்துக்குவாரு, நீ எறங்கு. அங்க ஆபீசர் சாப்பிடப் போயிட்டாருன்னா அவ்ளோதான்."

"சரி, நான் ஒதைக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். மூன்றே சொல். டீச்சர் நன்றியோடு சிரித்தார். நான் உட்கார்ந்தேன். என் கால் மடங்கவில்லை. நெம்பியைத் தூக்கி இருக்கையைப் பின்னால் தள்ளி, எனக்கு வசதியான இடத்தில் பூட்டினேன். டக், டக். சுவரை உதைத்தேன். மல்லிகைச் சரம் ஆடியது. இருக்கை மலைபோல் நின்றது. இன்னொரு முறை உதைத்தேன், நின்றது. எழுந்து காரில் மாட்டிக் கொடுத்தேன். டீச்சர் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால், முன்னால், கடைசிப் பல் வரை இழுத்துக்கொண்டார். டக் என்று கேட்டது. ஒரு டக்கா, இரண்டா? இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

திங்கட்கிழமை காலை ஏழுமலை என்கிற டிரைவர் வந்தான். அவனுக்கு இடது பக்க இருக்கை வேண்டும். ஜோடியில் மிச்சமிருந்ததைச் சட்டத்தில் முடுக்கினேன். ஏழுமலையும் குள்ளம். முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழக்கமாக, சுவரை ஒரு உதை உதைத்தான். கர்ர்ர் என்று இருக்கை அவனோடு பின்னால் ஓடி மரக்கட்டையில் மோதி நின்றது.

"என்னாண்ணே, சீட்டு கேட்டா ஊஞ்சல் குடுக்கறீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்தேன். சேனலின் பின்பக்கத்துப் பற்கள் எல்லாம் புதிதுபோல் இருந்தன. முன்பக்கத்து நான்கு பற்கள் மட்டும் அரித்துக் கூழாகி, விரலால் தொட்டால் செதிலாக உதிர்ந்தன. செதிலுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு.

பாதிக் கேள்வியின் மீதிப் பதில் அப்போது வந்தது. தேவனாம்பட்டினம் பக்கத்து ஷெட். தெருவிலிருந்து உள்ளே சரிவாக இறங்குகிற ஷெட். மூக்கு கீழே இருக்க நின்ற வண்டிக்குள் சுனாமியில் கடல் புகுந்து, பின்பக்கம் வடிந்து, முன்பக்கம் நாள்கணக்கில் தேங்கி நின்றிருக்கிறது. பிறகு பாயிடம் கேட்டபோது அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு பாய் நினைவே இல்லை. கவிழ்ந்த இருக்கையின் முன்பக்கத்துப் பற்களில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். நான் உதைத்தது என் பல்லை. அவர் உட்காருவது அவர் பல்லில்.

சவரி அண்ணன் பின்னாலிருந்து வந்து குனிந்து பார்த்தார்.

"ஜோடி எங்க?"

"டீச்சர் வண்டியில."

"சுவத்த ஒதச்சாங்களா?"

"நான் ஒதச்சேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார், இடுப்பிலிருந்து பாதம் வரை, அளவெடுப்பதுபோல. பிறகு சுவரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாத்திய மல்லிகை காய்ந்து பழுப்பாகத் தொங்கியது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"பஸ்ஸுக்குப் போ" என்றார். "நான் போன் போட்டுக்கிட்டே இருக்கறேன்."

டீச்சர் வீட்டு எண் மட்டும்தான் எங்களிடம் இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. கடையை விட்டு இறங்கும்போதும் அவர் காதில் ரிசீவர் இருந்தது.

சிதம்பரம் பஸ். கைப்பையில் ஸ்பேனர், நான்கு போல்ட், சேனலுக்குப் பின்னால் அடைத்து வைக்க இரண்டு வேங்கைக் கட்டை. பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றது, புதுச்சத்திரத்தில் நின்றது. நிற்காத இடத்தில் எல்லாம் நின்றது. ஒவ்வொரு முறை டிரைவர் பிரேக் மிதித்தபோதும் என் காலும் முன்னால் இருந்த தகட்டை உதைத்தது. எதிரே ஒரு சின்ன கார் வந்தால் கழுத்தை நீட்டி உள்ளே யார் என்று பார்த்தேன். டீச்சர் அந்தச் சாலையில் வர வழியே இல்லை, தெரியும். ஆனாலும் பார்த்தேன். அவர் எட்டரைக்குக் கிளம்பியிருப்பார், இப்போது பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார், சாயங்காலம்தான் மறுபடி எடுப்பார், அதற்குள் போய்விடலாம். இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். காலையில் பிரேக்கை அழுத்தி மிதிக்கிற தேவை வராமல் இருந்திருந்தால். அந்த 'இருந்திருந்தால்' வெள்ளாற்றுப் பாலம் முழுக்க என்னோடு வந்தது.

மேலவீதியில் வீடு பூட்டியிருந்தது. உள்ளே போன் மணி அடிப்பது வாசலுக்குக் கேட்டது. கடலூரில் சவரி அண்ணன் இன்னும் எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் எடுக்காத அந்த மணியைக் கேட்டபடி பூட்டுக்கு முன்னால் நின்றது என் வாழ்க்கையின் மிக நீண்ட ஒரு நிமிடம். எதிர்வீட்டு அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார்.

"யாரு, பாஸ்கரத் தேடி வந்தீங்களா? போன் வந்துச்சுன்னு அவசரமா கீரப்பாளையம் போயிருக்காரு. டீச்சரு எங்கியோ வண்டிய மோதிட்டாங்களாம்."

"அடி கிடி...?"

"தெரியலப்பா. அவரு முகத்தப் பாத்தா கேக்கத் தோணல."

கீரப்பாளையத்துக்கு எப்படிப் போனேன் என்று சொல்ல முடியவில்லை. ஆட்டோவா, ஷேர் வேனா, எதுவும் நினைவில் இல்லை. இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. அந்தப் பச்சை என்னைத் திட்டிக்கொண்டே வந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் கார் நின்றது. முன் விளக்கு ஒன்று உடைந்து, பம்பர் உள்ளே வாங்கியிருந்தது. மரத்தைச் சுற்றிய மேடையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மோவாயில் பிளாஸ்திரி. புடவையில் இரண்டு துளி ரத்தம். உயிரோடு உட்கார்ந்திருந்தார். நான் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பாஸ்கர் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு டிராக்டர்காரர்.

"வாங்க, நீங்களும் வந்துட்டீங்களா? கேளுங்க. முன்னாடி டிராக்டர் நிக்கிது. பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கா. டிரெய்லர்ல போயி சொருகிட்டா. ரெண்டு பொண்ணுங்க சைக்கிள்ல அப்பத்தான் தாண்டிப் போயிருக்குதுங்க. ஒரு நிமிஷம் முன்னாடின்னா என்னா ஆயிருக்கும்?"

"நான் பிரேக்கத்தாங்க மிதிச்சேன்" என்றார் டீச்சர். குரலில் உறுதி இல்லை.

"பிரேக்க மிதிச்சா வண்டி நிக்கும் விமலா."

"மிதிச்சேன்னுதான் நெனக்கிறேன். அப்பறம் காலு எட்டல. எப்பிடின்னு தெரியல. ஒருவேள மாத்தி மிதிச்சுட்டனோ என்னமோ."

"அதத்தான் சொல்றேன். ஒனக்கு இது வேணாம்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். சாவி அங்கே இருந்தது. "நாளையிலேருந்து பஸ்ஸு. வண்டிய வித்துடலாம்."

டீச்சர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அதை நான் எத்தனை தடவை கண்ணுக்குள் பார்த்திருக்கிறேன். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்ட தலை. அங்கே நின்றவர்களில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயைத் திறக்காமல் விளக்கைச் சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்லி, அந்தச் சாக்கில் இருக்கையை மாற்றிவிட்டால் கடையின் பேர் தப்பும். யாருக்கும் எதுவும் தெரியாது. டீச்சர் இனி ஓட்ட மாட்டார், அவ்வளவுதான். இதை நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். வேலிக்கம்பத்திலிருந்து கையை எடுக்கும் வரை யோசித்தேன்.

"சார், சாவி வேணாம். நீங்க ஒரு நிமிஷம் வண்டியில உக்காருங்க" என்றேன்.

பாஸ்கர் என்னை விட இரண்டு விரல் குறைவு. இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். "பிரேக்க மிதிங்க. நல்லா ஒதைக்கிற மாதிரி." மிதித்தார். இருக்கை அசையவில்லை.

"நல்லாத்தானய்யா இருக்குது. இதுக்கென்ன?"

"எறங்குங்க. டீச்சர், நீங்க வாங்க. எப்பவும் ஓட்ற மாதிரியே இழுத்துப் போட்டுக்குங்க."

டீச்சர் தயங்கித் தயங்கி ஏறினார். முன்னால் இழுத்துக்கொண்டார். இந்த முறை நான் குனிந்து காதை வைத்தேன். ஒரு டக்தான். அதுவும் பாதி.

"மிதிங்க."

மிதித்தார். கர்ர்ர். இருக்கை அவரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியது. அவர் கால் பிரேக்கை விட்டு ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் நின்றது. வகுப்பிலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு வாட்டி" என்றார் டீச்சர்.

முன்னால் இழுத்தார், மிதித்தார், ஓடியது. மறுபடி இழுத்தார், மிதித்தார். பிளாஸ்திரி ஒட்டிய மோவாயில் வியர்வை. நாலாவது தடவை முடிந்ததும் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அப்ப நான் பிரேக்கத்தான் மிதிச்சிருக்கேன்."

அப்புறம்தான் அழுதார்.

எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, ஷெட், முன்பக்கத்துப் பல், சுவர். டீச்சரை உதைக்க வைக்காமல் நான் உதைத்ததையும் சொன்னேன். பாஸ்கர் என்னைத் திட்டினார். எழுத முடியாத சொல் இரண்டு அதில் இருந்தது. தகும். டிராக்டர்காரர் குறுக்கே வந்து, "வுடுங்க சார், வந்து சொல்றான் பாருங்க, சொல்லாமப் போயிருந்தா?" என்றார். பாஸ்கர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். டீச்சர் காரிலிருந்து இறங்காமல், சன்னல் வழியே கையை மட்டும் வெளியே நீட்டினார். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. வெகுநேரம் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. பாஸ்கர் பையிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார்.

வேங்கைக் கட்டைகளை அடைத்து, வண்டியை மெதுவாக வீட்டுக்கு எடுத்துப் போகச் செய்துவிட்டு, நான் கடலூர் திரும்பியபோது மாலை வெயில் கடைக்குள் சாய்ந்திருந்தது. கிழக்குச் சுவர் மொட்டையாக இருந்தது. படங்கள் இருந்த இடத்தில் மூன்று வெளிறிய கட்டங்கள், மூன்று ஆணித் துளைகள். மாதாவும் முருகனும் மக்காவும் எதிர்ச்சுவரில், ஓதம் ஏறுகிற சுவரில், பின்னால் பலகை வைத்து மாட்டப்பட்டிருந்தார்கள்.

சவரி அண்ணன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். "டீச்சருக்கு?"

"மோவாயில அடி. வேற ஒண்ணுமில்ல."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி பிசிறு வெட்டினார். அந்த விஷயத்தை அவர் அதற்குமேல் என்னிடம் பேசியதே இல்லை, நான் கடையை விட்டு வரும்வரை. ஆனால் அன்றிலிருந்து எந்த இருக்கை வந்தாலும் அதைக் கவிழ்த்து முன்பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாக என் விரலால் தொடச் சொல்வார். தானே தொட்டிருக்கலாம். என்னைத்தான் தொடச் சொல்வார்.

மூன்று வாரத்தில் வேறு ஜோடி கிடைத்தது. நெய்வேலிப் பக்கம் நின்ற வண்டி. ஷெட் எங்கே, வாசல் எந்தப் பக்கம், தரை எப்படிச் சரிகிறது என்று கேட்டுக் கேட்டு விற்றவரை அழவைத்துவிட்டேன். டீச்சர் வந்தார். சிதம்பரத்திலிருந்து அவரே ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் பாஸ்கர். சட்டத்தில் உட்கார்ந்து முன்னால் இழுத்துக்கொண்டார். நான் குனிந்தேன். டக், டக். வெறும் சுவரை ஒரு கணம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் ஊன்றி உதைத்தார். நின்றது. இன்னொரு உதை. நின்றது. மூன்றாவது உதையில் என் நெஞ்சுதான் நழுவியது, இருக்கை இல்லை.

"பரவால்ல" என்றார் சவரி அண்ணன். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சமான சொல் அது.

ஆனால் கம்பி விடவில்லை. அதற்கு முன்னால் யார் யாருக்காக நான் உதைத்தேன்? முழங்கால் வலி என்று சொன்ன ஒரு வக்கீல், வேட்டி அழுக்காகும் என்ற ஒரு பெரியவர், பண்ருட்டியில் ஒரு நர்ஸ். நினைவுக்கு வர வர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனேன். "ஒண்ணுமில்லைங்க, சும்மா ஒரு தடவ உக்காந்து பிரேக்க மிதிச்சுக் காட்டுங்க." சிலர் டீ கொடுத்தார்கள், சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எதுவும் நழுவவில்லை. வக்கீல் மட்டும் ஊர் மாறிப் போய்விட்டார், எங்கே என்று தெரியவில்லை. அவர் கால் மாதிரிதான் என் கால் என்று சொல்லிக்கொள்கிறேன். அவர் என்ன உயரம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கதிரவன் இன்னும் கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க மாமா. வாங்கலாமா, வேணாமா?"

"வண்டி யாரு ஓட்டப் போறது மச்சான்?"

"அவதான். சிதம்பரத்துல வேல கெடச்சிருக்குதுல்ல."

"அப்ப அவளையும் கூட்டிக்கிட்டு வா. சீட்டையும் சேனலோட கழட்டிக் கொண்டா. ஜோடியா."

"அவ எதுக்கு மாமா? நீங்க உக்காந்து பாத்தா பத்தாதா? ஒங்களுக்குத் தெரியாததா?"

எங்கள் கூடத்தில் கிழக்குப் பக்கச் சுவர் போன பொங்கலுக்கு வெள்ளையடித்தது. அதில் என் மாமியாரின் படமும் ஒரு பெருமாள் படமும் மாட்டியிருக்கின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.

"எதுக்குங்க படத்த எறக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் என் மனைவி.

"ஒன் தம்பி பொண்டாட்டி சுவத்த ஒதைக்கணும்" என்றேன்.